கோதுமையின் மரபணு வரைபடம்: தண்டையார்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். மரபியல் பாடத்தை மெண்டலின் பட்டாணியோடு நிறுத்தாமல் கோதுமை வரைக்கும் கொண்டுபோவது என் வழக்கம். பட்டாணியில் படித்த விதி கோடிக்கணக்கான பேரின் சாப்பாட்டை எப்படிக் காக்கிறது என்பது கோதுமையில்தான் பளிச்சென்று தெரியும். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, அம்மாக்கள் கேட்க, வகுப்புக்குக் கீழே மாவு மில் வைத்திருக்கும் அண்ணாச்சியும் கேட்க, கேள்விகள் நிறையவே சேர்ந்துவிட்டன. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மெட்ராஸில் கோதுமை விளைவதே இல்லை. நமக்கு எதற்கு இது?

விளைவதில்லை, ஆனால் தினமும் சாப்பிடுகிறோம். ரேஷனில் அரிசிக்குப் பதிலாக வாங்கும் கோதுமை, சவுகார்பேட்டை கச்சோரி, ராத்திரி நேரத்துக் கொத்து பரோட்டா, பர்மாவிலிருந்து வந்தவர்கள் பாரிமுனைப் பக்கம் போடும் அத்தோ எல்லாமே கோதுமைதான். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டால், மறுநாளே ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தி ஆகிவிடுகிறது. பஞ்சாபிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஒரு பருவம் நோய் விழுந்து விளைச்சல் சரிந்தால், அது வண்ணாரப்பேட்டை மளிகைக் கடையின் விலைப் பலகையில் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. மத்திய இந்தியக் கோதுமையைத் தாக்கும் ஒரு நோய் தமிழ்நாட்டு மலைகளிலிருந்து கிளம்பிப் போகிறது. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். மற்றதை விட்டாலும் அதைப் படித்துவிடுங்கள்.

மரபணு வரைபடம் என்றால் என்ன?

ஒரு பயிரின் குரோமோசோம்களில், அதாவது செல்லுக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழைகளில், எந்த மரபணு எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் படம்.

கடற்கரையிலிருந்து எண்ணூர் போகும் மின்சார ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர் என்று வரிசையாக ஸ்டேஷன் பலகைகள் வரும். ஒரு வீட்டை நாம் பார்த்ததே இல்லை என்றாலும், அது வ.உ.சி. நகருக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் என்று தெரிந்தால் தேடிப் போய்விடலாம். குரோமோசோமில் அந்தப் பலகைகளின் வேலையைச் செய்பவைதான் மார்க்கர்கள். டி.என்.ஏ.வில் ரகத்துக்கு ரகம் வேறுபடுகிற, சோதனைச் சாலையில் எளிதாகப் படித்துவிடக்கூடிய இடம் என்பதே மார்க்கருக்குத் தகுதி. அதுவே நோயைத் தடுக்க வேண்டும் என்று இல்லை. தடுக்கும் மரபணுவுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

அந்தப் படத்தை எப்படிப் போடுகிறார்கள்?

முதலில் இரண்டு பெற்றோர். ஒன்று நோய் தாங்கும் ரகம், மற்றது நோயில் விழுந்துவிடும் ரகம். கோதுமை தன் மகரந்தத்தால் தானே கருவுறும் பயிர் என்பதால், கலப்புச் செய்வது நுணுக்கமான கைவேலை. கதிரில் ஒவ்வொரு சிறு பூவையும் மெல்லத் திறந்து, உள்ளே இருக்கும் மூன்று மகரந்தப் பைகளையும் அவை வெடிப்பதற்கு முன்பே இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பச்சையாக இருக்கும்போது எடுக்க வேண்டும். மஞ்சளாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது. பிறகு கதிரைக் காகித உறையால் மூடி, இரண்டு மூன்று நாள் கழித்து மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவுவார்கள். உறை மேல் தேதியும் பெற்றோர் பெயரும் பென்சிலால் எழுதியிருக்கும். எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் வேலை இந்த இடுக்கியில்தான் தொடங்குகிறது.

அந்த விதையிலிருந்து வரும் வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாகத் தற்கருவுறவிட்டு, நூறு இருநூறு தனித்தனி வழிகளாக, அதாவது வாரிசு வரிசைகளாக, பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வழியிலும் அப்பா பக்கத் துண்டும் அம்மா பக்கத் துண்டும் வேறு வேறு விதமாகக் கலந்திருக்கும். இனச்செல்கள் உண்டாகும் குன்றல் பகுப்பில் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கே கலத்தல் நடக்கிறது என்று பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறோமே, அதன் பலன் இது. பிறகு எல்லா வழிகளுக்கும் நோயை வேண்டுமென்றே தொற்றவைத்து, எது தாங்கியது, எது விழுந்தது என்று குறிப்பார்கள். அதே வழிகளின் டி.என்.ஏ.வில் மார்க்கர்களையும் படிப்பார்கள். நோய் தாங்கிய வழிகளில் எல்லாம் ஒரே மார்க்கர் திரும்பத் திரும்ப வந்தால், நாம் தேடும் மரபணு அதன் பக்கத்தில்தான்.

பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்? நூறு இனச்செல்களில் ஒன்றில் மட்டும் இரண்டும் பிரிந்துபோனால் இடைவெளி ஒரு சென்டிமார்கன். பத்தில் பிரிந்துபோனால் சுமார் பத்து. மார்க்கர் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நம்பலாம்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு மார்க்கராகத்தான் பார்க்க முடிந்தது. 2014-ல் ஏறக்குறைய 90,000 இடங்களை ஒரே தடவையில் படித்துவிடும் சிப் கோதுமைக்கு வந்துவிட்டது.

நெல்லுக்கு எப்போதோ முடிந்த வேலை கோதுமைக்கு ஏன் இவ்வளவு காலம் இழுத்தது?

நெல்லின் முழு டி.என்.ஏ. வரிசை 2005-ல் வெளிவந்தது. கோதுமைக்கு 2018 ஆகிவிட்டது. காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

நாம் சப்பாத்திக்கு அரைக்கும் கோதுமை மூன்று புல்லினங்கள் சேர்ந்த ஒன்று. முதலில் இரண்டு காட்டுப் புற்கள் கலந்து எம்மர் என்ற கோதுமை உண்டானது. அப்புறம், சுமார் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, காஸ்பியன் கடலோரப் பகுதியில் விளைந்துகொண்டிருந்த எம்மரோடு மூன்றாவதாக ஓர் ஆட்டுப்புல் இனம் கலந்தது. மூன்றும் தங்கள் குரோமோசோம்களை முழுதாகக் கொண்டுவந்து வைத்துவிட்டன. ஏ, பி, டி என்று மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் ஏழு ஜோடி, ஆக 21 ஜோடி, 42 குரோமோசோம்கள்.

அளவைப் பாருங்கள். நெல்லின் டி.என்.ஏ. ஏறக்குறைய 40 கோடி எழுத்துகள். மனிதனுடையது 300 கோடி. கோதுமையுடையது சுமார் 1,600 கோடி. அதிலும் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருபவை. துண்டு துண்டாகப் படித்துவிட்டு ஒட்டும்போது, கையில் இருக்கும் துண்டு ஏ தொகுதியா, பி தொகுதியா, டி தொகுதியா என்றே தெரியாது; மூன்றும் உறவுக்காரர்கள் ஆயிற்றே. அதனால் 2005-ல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பை உண்டாக்கி, நாடுகள் குரோமோசோம்களைப் பங்கு போட்டுக்கொண்டன. நம் நாட்டுக்கு வந்தது 2ஏ குரோமோசோம். லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம், டெல்லியில் உள்ள தாவர உயிரித் தொழில்நுட்ப தேசிய ஆராய்ச்சி மையம், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம் மூன்றும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. 2018 ஆகஸ்டில் முழு வரிசை வெளியானது. 'சைனீஸ் ஸ்பிரிங்' என்ற பழைய ரகத்தில், 21 குரோமோசோம்களிலும் சேர்த்து 1,07,891 மரபணுக்கள் இடத்தோடு குறிக்கப்பட்டன.

அமெரிக்காவில் மிசௌரியில் இருந்த எர்னஸ்ட் சியர்ஸ் பற்றி வகுப்பில் நான் சொல்லாமல் விடுவதே இல்லை. டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்க வழியே இல்லாத காலத்தில், ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் இல்லாத கோதுமைச் செடிகளை ஒவ்வொன்றாக வளர்த்துச் சேர்த்தவர் அவர். வேறு செடியாக இருந்தால் செத்துவிடும். கோதுமையில் மூன்று தொகுதி இருப்பதால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். எந்தக் குரோமோசோம் போனால் எந்தக் குணம் போகிறது என்று பார்த்தே மரபணுவின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க அந்தச் செடிகள் உதவின. இன்று கணினியில் நாம் பார்க்கும் படத்தின் முதல் கோடுகள் அவை.

துருநோய் எப்படி இருக்கும்?

கோதுமையைத் தாக்கும் துருநோயில் மூன்று வகை. கருந்துரு தண்டைத் தாக்கும், பழுப்புத் துரு இலையில் புள்ளி புள்ளியாக வரும், மஞ்சள் துரு இலை நரம்போடு கோடு கோடாக ஓடும். மூன்றுமே பூஞ்சைகள். மஞ்சள் துரு பிடித்த வயலில் நடந்தால் பேன்ட் முழங்கால் வரை மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்ளும். இலையை விரலால் தேய்த்தால் விரலிலும். அந்தப் பொடி அத்தனையும் வித்து, அதாவது பூஞ்சை பரவ விடும் விதை போன்ற துகள். ஒரு வித்து இலையில் விழுந்து, இரவுப் பனி ஈரத்தில் முளைத்து, உள்ளே போய், இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வித்துகளைக் காற்றில் விட்டுவிடும். ஒரு பருவத்துக்குள் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏன் பயப்படுகிறார்கள் என்பது புரியும்.

எதிர்ப்பு மரபணு கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே? ஏன் மறுபடி மறுபடி புது ரகம்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்கிற பிள்ளையை முன் பெஞ்சுக்கு வரச் சொல்லிவிடுவேன்.

நோய் எதிர்ப்பும் மெண்டல் விதிப்படிதான் பிள்ளைகளுக்குப் போகிறது என்பதை 1905-ல் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் மஞ்சள் துருவை வைத்துக் காட்டினார். எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பாலானவை செல்லுக்குள் ஒரு காவல் புரதத்தை உண்டாக்குகின்றன. துருப் பூஞ்சை செல்லுக்குள் செலுத்தும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அது அடையாளம் கண்டுகொண்டால், அந்தச் செல் தானே இறந்துவிடும். உயிருள்ள செல்லில்தான் துருவால் சாப்பிட முடியும் என்பதால் அது அங்கேயே பட்டினி கிடந்து ஒழியும். இலையில் ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளி மட்டும் மிஞ்சும்.

சிக்கல் என்னவென்றால், காவல் புரதம் அடையாளம் காண்பது ஒரே ஒரு பூஞ்சைப் புரதத்தை. பூஞ்சையில் அந்த ஒன்று மாறிப்போனால் காவல் வேலை செய்யாது. பயிரில் ஒரு எதிர்ப்பு மரபணுவுக்கு நேராகப் பூஞ்சையில் ஒரு மரபணு உண்டு என்பதை 1940-களில் ஆளிச் செடியின் துருவை வைத்து ஹெரால்ட் ஃப்ளோர் நிறுவினார். கோடானுகோடி வித்துகளில் ஒன்று மாறினாலே போதும். பல லட்சம் ஹெக்டேரில் ஒரே ரகம் நிற்கும்போது அந்த ஒன்றுக்கு நாடு முழுக்க விருந்து.

நம் நாட்டிலேயே நடந்தது. 1995-ல் வெளியான பி.பி.டபிள்யூ. 343 என்ற கோதுமை வடமேற்கு இந்தியாவின் செல்ல ரகமாகி, பஞ்சாப், ஹரியானா வயல்களை நிறைத்தது. அதன் காவலை மீறும் மஞ்சள் துரு இனங்கள் வந்ததும் 2000-களின் பிற்பகுதியில் அந்த ரகம் சாய்ந்துவிட்டது. உலக அளவில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி 'யு.ஜி. 99'. ரை என்ற தானியத்திலிருந்து கோதுமைக்குக் கொண்டுவந்த எஸ்.ஆர். 31 என்ற மரபணுவை நம்பித்தான் பல நாடுகளின் ரகங்கள் கருந்துருவிலிருந்து தப்பி வந்தன. அதை மீறும் கருந்துரு 1998-ல் உகாண்டாவில் தென்பட்டது. 2006-ல் ஏமனிலும் 2007-ல் ஈரானிலும் உறுதியானது. இந்தியாவில் இதுவரை கண்டறியப்படவில்லை. ஆனால் அது வந்து சேரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. நம் ரகங்களைக் கென்யாவில் உள்ள ஞோரோ நிலையத்துக்கு அனுப்பி, அந்தத் துருவின் நடுவிலேயே நட்டுப் பார்த்து வருகிறார்கள்.

அப்படியானால் வழி என்ன? வரைபடம் அதில் எங்கே வருகிறது?

ஒரு செடிக்குள் இரண்டு, மூன்று, நான்கு எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றாக அடுக்கிவிடுவது. பூஞ்சை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மீற வேண்டும் என்றால் அதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு. சொல்வது சுலபம். வரைபடம் இல்லாமல் இதைச் செய்வது ஏன் கிட்டத்தட்ட முடியாத காரியம் என்று சொல்கிறேன்.

ஒரு எதிர்ப்பு மரபணு இருக்கும் செடி சுத்தமாக நிற்கும். இரண்டு இருக்கும் செடியும் சுத்தமாகத்தான் நிற்கும். மூன்று இருந்தாலும் அப்படியே. வயலில் நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எதில் எத்தனை இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் இருப்பதை அடுக்கு என்று நினைத்து விவசாயிக்குக் கொடுத்துவிட்டால் சில வருடத்தில் பழைய கதைதான். மார்க்கர் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. விதைத்துப் பத்துப் பதினைந்து நாளில் ஒரு சின்ன இலைத் துண்டைக் கிள்ளி, 96 குழி உள்ள தட்டில் போட்டு, டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தால் எந்த நாற்றில் எவை இருக்கின்றன என்று தெரிந்துவிடும். நோயே வராத இடத்திலும், நோயே இல்லாத பருவத்திலும் தேர்வு செய்யலாம். மற்ற நாற்றுகளை எடுத்துவிடலாம். நிலமும் தண்ணீரும் மிச்சம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். கலப்பின் இரண்டாம் தலைமுறையில் ஒரு மரபணு இரண்டு பிரதியிலும் நிலைத்திருப்பது நான்கில் ஒரு செடி. இரண்டு மரபணுக்கள் என்றால் 16-ல் ஒன்று, மூன்று என்றால் 64-ல் ஒன்று, நான்கு என்றால் 256-ல் ஒன்று. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் படம் வேண்டும்.

சாய்ந்துபோன பி.பி.டபிள்யூ. 343-ஐ லூதியானாக்காரர்கள் கைவிடவில்லை. காட்டுப் புல்லினங்களிலிருந்து வந்த எதிர்ப்பு மரபணுக்களை மார்க்கர் பார்த்துப் பார்த்து அதற்குள் ஏற்றினார்கள். திரும்பத் திரும்ப அதே ரகத்தோடு பின்கலப்புச் செய்ததால் பழைய நல்ல குணங்களும் போகவில்லை. 2017-ல் 'உன்னத் பி.பி.டபிள்யூ. 343' என்ற பெயரில் அது வயலுக்குத் திரும்பியது.

அடுக்கில் வைக்க இன்னொரு வகை மரபணுவும் இருக்கிறது. இவை துருவை முழுதாகத் தடுக்காது, மெதுவாக்கும். எல்.ஆர். 34 அப்படிப்பட்டது. பழுப்பு, மஞ்சள், கருந்துரு மூன்றையும், சாம்பல் நோயையும் கூட ஓரளவு கட்டுப்படுத்துகிறது. பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் பயிரில் இருந்தும் எந்தத் துருவும் அதை மீறவில்லை. அது இருக்கும் செடியில், கதிருக்கு அடியில் கடைசியாக வரும் கொடி இலையின் நுனி காய்ந்தது போல இருக்கும். அனுபவப்பட்டவர்கள் அதை வைத்தே சந்தேகப்படுவார்கள். 2009-ல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, அது செல்லுக்குள் பொருள்களைக் கடத்தும் ஒரு புரதத்துக்கானது என்று தெரிந்தது. பளிச்சென்று தடுக்கும் மரபணுவை விட இந்த மெதுவான மரபணுவின் மேல்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

தமிழ்நாட்டு மலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. வட இந்தியச் சமவெளியில் ஏப்ரலில் கோதுமை அறுவடை முடிந்து வெயில் கொளுத்தும்போது துரு வித்துகள் செத்துவிடும். அப்படியானால் அடுத்த பருவத்துக்கு அவை எங்கிருந்து வருகின்றன? ஐரோப்பாவில் பார்பெரி என்ற முட்செடி இடையில் துருவுக்கு இடம் கொடுக்கிறது. இங்கேயும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தார்கள். ஆக்ராவில் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா பல ஆண்டுகள் ஆராய்ந்து, நம் நாட்டில் துரு மலைகளில்தான் கோடையைக் கழிக்கிறது என்று காட்டினார். வடக்கே இமயமலை. தெற்கே நீலகிரியும் பழனி மலையும். இந்தக் குளிர்ந்த மலைகளில் ஏதோ ஒரு கோதுமைச் செடி எப்போதும் பச்சையாக இருக்கும், அதில் துருவும் உயிரோடு இருக்கும்.

சரி, நீலகிரியிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்கு எப்படிப் போகிறது? புயலில். நவம்பரில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாகி, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, காசிமேட்டில் படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும் அந்த நாட்களில், அதே காற்றுச் சுழற்சி நீலகிரிக்கு மேலே இருக்கும் கருந்துரு வித்துகளைத் தூக்கிக்கொண்டு வடக்கே போகக்கூடும். மத்திய இந்தியாவில் அது மழையாக இறங்கும்போது, அப்போதுதான் முளைத்து நிற்கும் கோதுமை மேல் வித்துகளும் இறங்கும். எந்த மாதிரிப் புயல், எந்தப் பாதையில் போனால் இப்படி நடக்கும் என்று எஸ்.நாகராஜனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970-களில் விதிகளாகவே வகுத்தார்கள். நாம் தெருவில் தேங்கும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படும் அதே புயலைப் பார்த்து, போபால் பக்கத்துக் கோதுமை விஞ்ஞானி வேறொரு கவலையில் இருப்பார்.

அதனால்தான் குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில், டெல்லி பூசாவில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. துரு அங்கே இயற்கையாகவே எப்போதும் இருப்பதால், எந்த ரகத்தையும் நட்டால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். வடக்கே பருவம் முடிந்த பிறகு இங்கே இன்னொரு தலைமுறை வளர்க்கலாம் என்பதால் காலமும் மிச்சம். மலையிலேயே துரு ஏறாத ரகங்களைப் பரப்பினால் கிளம்பும் வித்தே குறையும் என்பதும் அவர்களின் நீண்ட நாள் உழைப்பு. ஊட்டிக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

இது மரபணு மாற்றுப் பயிரா? சாப்பிடலாமா?

இல்லை. மார்க்கர் பார்த்துத் தேர்வு செய்வது மெண்டல் செய்த அதே கலப்புதான். எந்தச் செடியை வைத்துக்கொள்வது என்று தெரிந்து செய்கிறோம், அவ்வளவே. வெளியிலிருந்து மரபணுவைச் செலுத்துவது வேறு முறை. அர்ஜென்டினா 2020-ல் வறட்சி தாங்கும் அப்படியொரு கோதுமைக்கு ஒப்புதல் கொடுத்தது. இந்தியாவில் மரபணு மாற்றுக் கோதுமை எதுவும் சாகுபடியில் இல்லை. ரேஷன் கோதுமையைப் பயமில்லாமல் அரைக்கலாம்.

நெல்லில் இது உண்டா?

உண்டு, நீங்கள் சாப்பிட்டே இருக்கலாம். பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்க மூன்று மரபணுக்களை அடுக்கி ஹைதராபாத்தில் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி, வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 இரண்டும் மார்க்கர் வழியாக வந்தவை. டெல்டாவில் தண்ணீர் நின்ற வயலைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதன் அருமை தெரியும்.

பழைய ரகங்கள்தான் நல்லது என்கிறார்களே, சம்பா கோதுமை மாதிரி?

கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் நாம் வாங்கும் சம்பா கோதுமை எம்மர் வகை. மேலே சொன்னேனே, ஆட்டுப்புல் வந்து சேர்வதற்கு முந்தைய கோதுமை, 28 குரோமோசோம்கள்தான். தென்னிந்தியாவில் காலங்காலமாகப் பயிரானது. வெலிங்டன் நிலையம் இதில் குட்டையான, சாயாத ரகம் ஒன்றையும் தந்திருக்கிறது, பெயர் நீலகிரி கப்ளி.

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். நிறையப் பழைய ரகங்கள் துருவில் படுத்துவிடும். ஆனால் நமக்குத் தேவையான மரபணு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கருந்துருவை நீண்ட காலம் தாங்கும் எஸ்.ஆர். 2 என்ற மரபணு, யாரோஸ்லாவ் என்ற எம்மர் கோதுமையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மெக்ஃபேடன் அதை ரொட்டிக் கோதுமையோடு கலந்து 'ஹோப்' என்ற ரகத்தை எடுத்தார். பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட நார்மன் போர்லாக்கின் ரகங்களிலும் அது தொடர்ந்து வந்தது. அவற்றில் சிலவற்றின் விதைகளைத்தான் 1960-களில் எம்.எஸ்.சுவாமிநாதனும் அவர் குழுவும் இங்கே வரவழைத்துச் சோதித்தார்கள்.

2024-ல் வெளியான ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆர்தர் வாட்கின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் இந்தியா உட்பட 32 நாடுகளின் சந்தைகளிலிருந்து வரவழைத்துச் சேர்த்த நாட்டு ரகங்களில் 827-ஐ முழுதாகப் படித்துப் பார்த்தார்கள். அவை ஏழு பூர்வீகக் கூட்டங்களாகப் பிரிந்தன. இன்றைய நவீன ரகங்கள் பெரும்பாலும் அதில் இரண்டே கூட்டங்களின் வாரிசுகள். மீதி ஐந்தையும் நாம் இன்னும் சரியாகத் தொடவே இல்லை. வீட்டில் பெரியவர்கள் விதை கட்டி வைத்திருந்தால், தயவு செய்து தூக்கிப் போடாதீர்கள். வேளாண் கல்லூரியில் கேளுங்கள்.

மரபணு கிடைத்ததிலிருந்து விவசாயி கைக்கு விதை வர எத்தனை வருடம்?

சாதாரண வழியில் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிடும். கலப்பு, பின்கலப்பு, நிலைப்படுத்துதல், பல மாநிலங்களில் சோதனை, விதைப் பெருக்கம் எல்லாம் இருக்கிறது. இப்போது தினமும் 22 மணி நேரம் விளக்கொளி கொடுத்து வருடத்துக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கும் முறை வந்துவிட்டதால், நடுவில் சில வருடங்கள் குறைகின்றன. வயல் சோதனையை மட்டும் அவசரப்படுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

அண்ணாச்சி கேட்டது: சில கோதுமையில் முனை கறுப்பாக இருக்கிறதே, அது துருவா?

துரு இல்லை. துரு இலையையும் தண்டையும் தாக்கும்; மணி சுருங்கி எடை குறையுமே தவிர, மணியில் துரு வராது. மனிதருக்குத் துரு ஒட்டவும் ஒட்டாது. முளைப் பக்கம் மட்டும் லேசாகக் கறுத்திருந்தால், ஈரக் காலத்தில் வேறு பூஞ்சைகளால் வரும் கருமுனை. உள்ளே கரிப்பொடி மாதிரி இருந்து, நசுக்கினால் அழுகிய மீன் வாடை அடித்தால் அது கர்னால் கரிப்பூட்டை, 1931-ல் ஹரியானாவின் கர்னாலில் முதலில் பதிவானது. காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையை விளக்கவே வேண்டாம். ஒன்றிரண்டு மணி என்றால் புடைத்து எடுத்துவிட்டு அரைக்கலாம். நிறைய இருந்தால் மாவே வீச்சமடிக்கும், கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூஞ்சை பூத்து இளஞ்சிவப்பாகத் தெரியும் மணியை மட்டும் எதற்கும் சேர்க்காதீர்கள். கதிர்க்கருகல் பூஞ்சையாக இருந்தால் அது நச்சை விட்டுப்போகும், சமைத்தாலும் முழுதாகப் போகாது.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு இந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மை. நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். பிறகு மரபியல் மற்றும் பயிர் இனப்பெருக்கத்தில் எம்.எஸ்சி. பூசாவுக்கும் லூதியானாவுக்கும் போக விரும்பினால், ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுநிலைப் படிப்புகளுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஊரை விட்டுப் போக முடியாத பெண் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள்: பி.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருக்கும் தாவரவியல் உயராய்வு மையத்தில் சேரலாம். தாவர நோயியல் அறிஞர் டி.எஸ்.சதாசிவன் காலத்திலிருந்து பூஞ்சை நோய் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடம். தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். கணக்கிலும் கணினியிலும் ஆர்வம் உள்ளவர்கள் புள்ளியியலை விட்டுவிடாதீர்கள். 90,000 மார்க்கர்களை இருநூறு செடிகளோடு பொருத்திப் பார்க்கிற வேலைக்கு அதுதான் வேண்டும். விண்ணப்பத் தேதிகள் வந்ததும் வகுப்புக்கு வெளியே இருக்கும் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.